நடமாட்ட அறிவிப்பு

காலை 10.52. திரையில் முதலில் தெரிந்தது, திறந்துகிடந்த எதிர்வீட்டுக் கதவு. உள்ளே கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, டீவி ஓடிக்கொண்டிருந்தது, ஆள் யாரும் கண்ணில் படவில்லை. நடமாட்டத்தைக் கண்டு கேமரா விழித்துக்கொள்ள ஒரு நொடி ஆகும். அதற்குள் அந்த வீட்டு அம்மா எங்கள் கிரில் கேட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அதனால் முதலில் படத்தில் அவர் இல்லை, குரல்தான் இருந்தது. "அக்கா" என்றார். இன்னும் இரண்டு முறை "அக்கா". பிறகு "சார்".

அவருடைய கணவர் அப்போது படுக்கையறைத் தரையில் விழுந்துகிடந்தார். அது படத்தில் தெரியாது.

நானும் என் மனைவியும் வீட்டுக்குள்தான் இருந்தோம்.

எங்கள் கட்டடம் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. மாடிக்கு இரண்டாக மொத்தம் ஆறு வீடு. லிஃப்ட் இல்லை, காவலாளி இல்லை. இரண்டாம் மாடியில் அவர்கள் வாசலும் எங்கள் வாசலும் நேருக்கு நேர். நடுவில் ஆறடி. பதினான்கு வருடங்களாக இரண்டு வீட்டிலும் பகலில் மரக்கதவு திறந்தே இருக்கும், கிரில் கேட் மட்டும் சாத்தியிருக்கும். அவர்கள் வீட்டில் மீன் பொரிப்பது எங்களுக்குத் தெரியும். நான் ஆபீசுக்குப் போனில் கத்துவது அவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் தார்ப்பாய், குடை, மழைக்கோட்டு விற்கும் கடை. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். அந்த அம்மாவுக்கு என் மனைவி அக்கா.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய்க்கு நெஞ்சுவலி வந்தது. அந்த அம்மா அவர்கள் கூடத்தில் நின்றபடியே "சார்" என்றார். நான் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். என் காரில் பன்னிரண்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரி. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்குத் திரும்பிய பாயிடம், இனிமேல் எந்த நேரமானாலும் யோசிக்க வேண்டாம், ஒரு குரல் கொடுத்தால் போதும் என்று சொன்னேன். அந்த வீட்டில் வேறு யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார். ஆகவே அது உபசாரப் பேச்சு இல்லை, ஏற்பாடு. நான் சொன்னதை இரண்டு வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

காலிங் பெல்லை மாற்ற வேண்டி வந்தது இந்த வருடத் தொடக்கத்தில். மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தது. கொரியர்காரர் பெல் அடித்ததும் அவசரமாக எழுந்து போய் ஒரு முறை விழப் பார்த்தாள். அதே மாதம் பக்கத்துத் தெருவில் தண்ணீர் கேட்பதுபோல வந்து ஒரு பெண்ணின் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். புனேயிலிருக்கும் மகள் இரண்டையும் கேள்விப்பட்டு, கேமரா வைத்த பெல் ஒன்றையும், சொன்னால் கேட்கும் திரைப்பெட்டி ஒன்றையும் அனுப்பிவைத்தாள். இரண்டையும் இணைத்துவிட்டால் அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம், வந்திருப்பவரைப் படுத்தபடியே பார்க்கலாம், பேசலாம் என்றாள்.

இணைக்க ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் ஆனது. பெல்லுக்கு ஒரு ஆப், பெட்டிக்கு ஒரு ஆப். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல். மகள் வீடியோ காலில் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். ஒரு ஆப் மற்றதற்கு அனுமதி கேட்டது. கொடுத்தேன். கருவியைத் தேடு என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் நாற்பத்தைந்து நொடி தேடிவிட்டு எதுவும் இல்லை என்றது. பெல் ஒரு வைஃபையிலும் பெட்டி இன்னொன்றிலும் இருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பெல்லுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. தமிழ் அதற்குப் புரியாது என்பதால் ஆங்கிலத்தில் முன்கதவு என்று வைத்தோம். மனைவி கட்டிலில் சாய்ந்தபடி "ஷோ ஃபிரண்ட் டோர்" என்றாள். நான்காவது முறை எங்கள் வாசல் திரையில் வந்தது. ஆறடி தள்ளி எதிர்வீட்டு வாசலும் வந்தது.

அறிவிப்பு என்ற தலைப்பின்கீழ் இரண்டு சுவிட்சு இருந்தது. பெல்லை அழுத்தினால் அறிவிக்க ஒன்று, நடமாட்டம் தெரிந்தால் அறிவிக்க ஒன்று. மகள் இரண்டையும் போடச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்: இனிமேல் மரக்கதவைச் சாத்தியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா வைத்து என்ன பயன்? அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. கதவைச் சாத்தினோம்.

மறுநாளிலிருந்து பெட்டியில் ஒரு பெண் குரல், முன்கதவில் யாரோ இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியது. பாய் கடைக்குக் கிளம்பினால் சொன்னது. பால் பாக்கெட் எடுக்க அந்த அம்மா குனிந்தால் சொன்னது. மிதியடியை உதறினால் சொன்னது. முற்பகலுக்குள் பதினொரு முறை சொல்லியிருந்தது. எங்கள் கதவு சாத்தியிருந்தாலும் பெட்டியின் சத்தம் வெளியே வரைக்கும் போனது. இரண்டு நாள் கழித்து அந்த அம்மா வந்தார். கிரில்லில் நின்று, சாத்தியிருந்த கதவைப் பார்த்துச் சற்று உரக்கவே கூப்பிட்டார். மனைவி வாக்கரோடு போய்த் திறந்தாள்.

"இன்னா அக்கா, நான் குப்ப போட வெளிய வந்தாகூட உங்க வூட்டுப் பொம்பள கூவிக்கினே இருக்கா. எனக்கே வெக்கமா இருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

"பெல்ல அழுத்தும்மா, நீ எதுக்குத் தொண்ட கிழிய கத்துற?" என்றாள் மனைவி.

"நான் இன்னா கொரியரா, பெல் அடிச்சிக்கினு நிக்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் கட்டடத்தில் பெல்லை அழுத்துபவர்கள் வெளியாட்கள். தெரிந்தவர்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள், அல்லது கேட்டின் கொண்டியைத் தட்டுவார்கள். பதினான்கு வருடத்தில் அந்த அம்மா எங்கள் பெல்லைத் தொட்டதில்லை. நான் அவர்கள் பெல்லைத் தொட்டதில்லை. அவர்களுடையது வேலை செய்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் நடமாட்ட அறிவிப்பை அணைத்தேன். பக்கத்தில் இருப்பவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதுதான் காரணம். படம் பதிவாவதை நிறுத்தவில்லை, போனுக்கு வரும் செய்தியையும் நிறுத்தவில்லை. வாய்விட்டுச் சொல்வதை மட்டும் நிறுத்தினேன். யாராவது பொத்தானை அழுத்தினால் மட்டும் பெட்டி பேசும். கதவு சாத்தியபடியே இருந்தது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்தக் காலையில் மனைவி படுக்கையறையில் ஏசி போட்டுக்கொண்டு முழங்காலுக்கு ஐஸ் வைத்துப் படுத்திருந்தாள். திரைப்பெட்டி அவள் கைக்கெட்டும் தூரத்தில், வெளியே எத்தனை டிகிரி வெயில் என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் பின்னறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு பேட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

பதிவு நான்கு துண்டாக இருக்கிறது. ஒவ்வொன்றும் முப்பது நொடி. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை நடந்தது எதுவும் பதிவில் இல்லை.

முதல் துண்டைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது 10.53. இதில் அவர் முகம் பாதி தெரிகிறது. கிரில்லின் கம்பியைப் பிடித்து ஆட்டுகிறார். கொண்டி அடிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. அவர் பார்ப்பது எங்கள் மரக்கதவை. கேமராவின் பக்கம் திரும்பவே இல்லை. பொத்தானுக்கும் அவர் கைக்கும் ஒரு சாண் இருக்கும். மூன்றாவது 10.54. முதல் பாதியில் வாசல் காலி. உள்ளே கணவரிடம் அவர் ஏதோ சொல்வது கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. பிறகு வெளியே வந்து, "சார், கொஞ்சம் வாங்க சார், அவுங்க எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்கிறார். நான்காவது 10.56. படிக்கட்டை நோக்கி ஓடுகிறார். ஒரு காலில்தான் செருப்பு.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரையும் ஒரு ஆட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். 11.09-க்கு இன்னொரு பதிவு. பிளாஸ்டிக் நாற்காலியில் பாயை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு, எங்கள் கதவுக்கு முன்னால் திரும்பி இறங்குகிறார்கள். அப்போதும் யாரும் பெல்லை அழுத்தவில்லை. கதவு சாத்தியிருந்ததால் வீட்டில் ஆளில்லை என்று நினைத்ததாக இஸ்திரிக்காரர் பிறகு சொன்னார். போனில் ஏன் கூப்பிடவில்லை என்று யாராவது கேட்கலாம். அந்த அம்மாவின் போன் சமையலறையில் இருந்தது. ஆறடி தூரத்தில் இருப்பவருக்குப் போன் செய்ய யாருக்கும் தோன்றாது.

11.20-க்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். போனில் வரிசையாகச் செய்திகள் இருந்தன. கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தேன். கதவைத் திறந்தேன். எதிர்வீடு திறந்துகிடந்தது, டீவி ஓடிக்கொண்டிருந்தது. செருப்புகூட மாட்டாமல் இறங்கி காரை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவுக்கு வெளியே அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலைத் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்தது. ஓசூரிலிருந்து மகன் நாலரை மணிக்கு வந்துசேர்ந்து முகம் பார்த்தார். மனைவி அன்று யாரிடமும் சொல்லாமல் என் போனை எடுத்து நடமாட்ட அறிவிப்பை மறுபடி போட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் மாடியேறி வரும்போது, முன்கதவில் யாரோ இருக்கிறார்கள் என்று பெட்டி சொன்னது. ஏழு மணிவரை சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

பாயின் அக்கா ஆம்பூரிலிருந்து வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர்தான் மறுநாள் காலை வாசலில் நின்று என்னிடம் கேட்டார்.

"நீங்க வூட்லதான் இருந்தீங்களாமே சார். அவ கூப்ட்டாளா உங்கள?"

"எங்களுக்கு எதுவும் கேக்கலம்மா" என்றேன்.

அது உண்மை. முப்பது வருடம் பத்திரிகைச் செய்தி மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு, உண்மையான ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்தினால் என்ன அர்த்தம் வரும் என்று தெரியும். நான் அங்கே நிறுத்தினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மதியம் மனைவி அங்கே போய்ப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தாள். உள்ளே பேச்சு முடிவாகியிருந்தது. எதிரே கார் இருக்கிறது, ஓட்டுபவர் வீட்டில் இருக்கிறார், போன வருடம் காப்பாற்றியதும் அவர்தான். அவரை விட்டுவிட்டு இவள் தெருமுனைக்கு ஓடியிருக்கிறாள். பதறிப்போய்ப் புத்தி வேலை செய்யவில்லை. "கூப்ட்டிருந்தா அந்த சார் வராம இருப்பாரா? அப்படிப்பட்ட மனுஷங்களா அவங்க?" என்று பாயின் அக்கா எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். யாரும் மறுக்கவில்லை. அந்த அம்மா மூலையில் வெள்ளைத் துணியில் உட்கார்ந்து, கூப்பிட்டேன் என்று இரண்டு முறை சொன்னாராம். மூன்றாவது முறை சொல்லவில்லை. மகன் தாயின் பக்கம் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

"காட்டிடலாங்க" என்றாள் மனைவி.

துக்க வீட்டில் இதைக் கொண்டுபோய் நீட்டுவதா, கொஞ்சம் ஆறட்டும் என்றேன். மூன்றாம் நாள் பாத்தியா ஓதி முடியட்டும் என்றேன். அது முடிந்தது. உறவினர்கள் போகட்டும் என்றேன். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார். ஆகவே நான் நேரில் அந்த அம்மாவிடம் பேச வழியில்லை என்பதும் வசதியாக இருந்தது. மனைவி தினமும் போய்வந்தாள். மகன் தாயின் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடுவதில்லை, கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று ஐந்தாம் நாள் வந்து சொன்னாள். எட்டாம் நாள் எதுவும் சொல்லவில்லை. என்னோடும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் காலை மகனே வந்தார். மறுநாள் ஓசூருக்குத் திரும்பவேண்டும். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். பாயின் அக்காவை அவர் மாமி என்றுதான் சொல்வார்.

"அம்மா உங்கள கூப்ட்டேன்னே சொல்லிக்கினு இருக்காங்க சார். மாமி இல்லங்கறாங்க. உங்க பெல்லுல கேமரா இருக்கு, சார்கிட்ட கேளுன்னு அம்மாதான் அனுப்புனாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

போனைத் திறந்து கையில் கொடுத்தேன். முதல் துண்டைப் பார்த்தார். இரண்டாவதில் கொண்டிச் சத்தம் வந்தபோது ஒலியைக் குறைத்தார். மூன்றாவது முடிந்ததும் போனை என்னிடம் நீட்டினார். இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன். அதையும் பார்த்தார்.

"நீங்க எப்ப பாத்தீங்க சார் இத?"

"அன்னைக்கே. பதினொண்ணு இருபதுக்கு."

"மாமிகிட்ட கேக்கலன்னு சொன்னது?"

"அதுக்கு அடுத்த நாள்."

மனைவி படுக்கையறை வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்க விரும்பவில்லை.

"எல்லாத்தையும் எனக்கு அனுப்பிடுங்க" என்றார். சார் என்று சேர்க்கவில்லை.

அனுப்பினேன். அவர் ஆறடி கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, போனின் ஒலிபெருக்கியில் "அக்கா, அக்கா" என்று கேட்டது. பிறகு கொண்டி ஆடும் சத்தம். நான்கு துண்டும் முழுதாக ஓடியது. ஒரு பெண் அழும் குரல் கேட்டது. அது பாயின் அக்காவின் குரல். இரண்டு நாள் கழித்து அவர் ஆம்பூருக்குப் போனார். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

மகன் வேலையை வீட்டிலிருந்தே பார்க்க ஏற்பாடு செய்துகொண்டு, இத்தா முடியும்வரை தாயோடு இருந்தார். மனைவி அதன்பிறகு முதல் வாரம் இரண்டு முறை போனாள். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், பேச்சு வளரவில்லை. பிறகு அவள் போவதை நிறுத்தினாள். படியில் எதிர்ப்பட்டால் மகன் ஒதுங்கி வழிவிடுவார்.

இத்தா முடிந்த வாரம் சாமான் வண்டி வந்தது. தாயை ஓசூருக்கே கூட்டிப் போகிறார் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். கடைசிப் பெட்டியும் இறங்கிய பிறகு, மனைவி கதவைத் திறந்து கிரில்லுக்கு வந்து நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் கூடத்தில் இருந்தேன். அந்த அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"நாங்க வீட்லதான் இருந்தோம்மா. சத்தியமா கேக்கல" என்றாள் மனைவி.

அந்த அம்மா பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கேக்காதது தப்பில்ல அக்கா" என்றார்.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார். மகன் கீழேயிருந்து ஏறிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் இப்போது விமானப்படையில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வாடகைக்கு இருக்கிறார்.